மேல்காற்றும் சங்கிலியின் மணிக்கட்டும்

ஆனி பிறந்துவிட்டால் தேனிக்கு மேற்கே காற்று வைத்ததுதான் சட்டம். கொடியில் காயப்போட்ட சேலையை அடுத்த தெருவில் போய்ப் பொறுக்கி வரவேண்டும். வாழை போட்டவர்கள் மரத்துக்கு முட்டுக் கொடுத்த கையோடு சாமியையும் கும்பிட்டுக்கொள்வார்கள். சைக்கிளில் மேற்கே கம்பத்துப் பக்கம் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். தேனிப் பக்கம் வருகிறவன் மிதிக்காமலே வந்து சேருவான்.

அப்படிப்பட்ட ஆனியில்தான் தேவாரத்துப் பொன்னுராஜ் தன் மகள் ஜக்கம்மாவுக்குக் காது குத்த நாள் குறித்தான். செய்தி வந்த அன்று பழனிசெட்டிபட்டியில் விஜிக்குத் தையல் ஓடவில்லை. மிஷினில் ஊசி முறிந்தது. வேறு ஊசி மாட்டினாள், அதுவும் முறிந்தது. போதும் என்று எழுந்துவிட்டாள்.

காது குத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பொன்னுராஜின் மனைவி பாண்டியம்மாளுக்கு உடன்பிறந்தவன் ஒரே ஒருவன்தான். அவன்தான் விஜியின் கணவன் சங்கிலி. அந்தச் சங்கிலி வாசல்படி தாண்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்காகவே காது குத்தைத் தள்ளித் தள்ளி வைத்ததில், தொட்டிலில் கிடந்த பிள்ளை இப்போது எதிர்க்கேள்வி கேட்கிற வயசுக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவையும் சங்கிலி வராவிட்டால், பாண்டியம்மாளின் ஒன்றுவிட்ட அண்ணன் காமராஜ் மடியில் உட்கார வைத்துவிடலாம் என்று பொன்னுராஜ் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். இதைப் போனில் சொன்னதே பாண்டியம்மாள்தான்.

சங்கிலி சாமானியப்பட்ட ஆள் இல்லை. போடிமெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டியவன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். கீழே வளைவில் அவன் ஜீப் சத்தம் கேட்டதும் மேலே தோட்டத்தில் டீக்கு உலை வைப்பார்களாம். தண்ணீர் கொதிப்பதற்குள் ஜீப் வந்து நிற்குமாம். ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் பாறை, பின்னால் ஜீப் கொள்ளாத பெண்கள். சங்கிலி தான் உட்கார்ந்திருந்த வலப்பக்கத்தைப் பாறைக்குக் கொடுத்து, உரச உரச வண்டியை நிறுத்தினான். பெண்களுக்கு வளையல் உடைந்ததோடு சரி. சங்கிலிக்கு வலது முழங்கால் போனது. வெட்டியெடுக்கவில்லை, ஆனால் மடங்காது. உலக்கை மாதிரி நீட்டியபடியே நிற்கும்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போன ஒருநாள் பஸ் படியில் ஏற முடியாமல் நின்றபோது, இரண்டு பேர் நல்ல மனசோடு அவனைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். “சாயாமப் பிடிச்சு வைங்கப்பா” என்றார் கண்டக்டர். மூட்டைக்குச் சொல்வதுபோல. அதை மட்டும் அவனால் பொறுக்க முடியவில்லை. இனி எவனும் என்னைத் தூக்கி வண்டியில் வைக்கவேண்டாம் என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்தவன்தான். பொன்னுராஜ் கார் அனுப்புகிறேன் என்றும் பார்த்தான். காரிலும் யாராவது காலைத் தூக்கி உள்ளே வைக்கவேண்டுமே. ஜீப்பும் இல்லை, லைசன்ஸும் புதுப்பிக்கவில்லை. காலைப் பார்த்த டாக்டர் சர்ட்டிபிகேட் தரமாட்டேன் என்றுவிட்டார்.

விஜி யோசித்து யோசித்துக் கடைசியில் ஹக்கீமிடம் போனாள். ஹக்கீம் உத்தமபாளையத்துக்காரன். முன்பு சங்கிலியின் ஜீப்புக்கு வயரிங் வேலை பார்த்தவன். இப்போது பழனிசெட்டிபட்டி முக்கில் எலக்ட்ரிக் வண்டிக் கடை வைத்திருந்தான். மறுநாளே ஒரு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பெரிய சைக்கிளும் இல்லை, சின்ன ஸ்கூட்டரும் இல்லை, இரண்டுக்கும் நடுவாந்திரம். வலது காலை நீட்டி வைத்துக்கொள்ள ஓரத்தில் ஒரு கம்பியையும் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தான்.

“இதுக்கு லைசன்ஸ் வேணாம்ணே, மிதிக்க வேணாம். முறுக்குனாப் போகும், விட்டா நிக்கும். எம் பொண்டாட்டி பேச்சுக்கு நான் நடக்குற மாதிரி.”

சங்கிலி ஜன்னல் வழியாகவே பார்த்தான். “எம்புட்டுப் போகும்?”

“இருபத்தஞ்சு.”

“நான் ரிவர்ஸ்லயே அதுக்கு மேல போவேன்டா.”

விஜி சிரித்துவிட்டாள். அவன் கேலி பேசியே எத்தனையோ நாளாகியிருந்தது. ஹக்கீமும் சிரித்தான். சிரித்துவிட்டு, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டான். சீட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை வயர் இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டால் வண்டி நாற்பத்தைந்துக்குப் பறக்கும், ஆனால் அப்போது லைசன்ஸ் கேட்பார்கள், பேட்டரியும் ஒரே மூச்சில் காலியாகும் என்றான். சங்கிலி காதில் முன்பாதிதான் விழுந்தது. அவனாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். “கழட்டு” என்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷன் வெயிலில் வந்து நிற்கிறான்; அவனிடம் எப்படி மாட்டேன் என்பது? ஹக்கீம் கழற்றிக் கொடுத்தான்.

அன்றைக்குச் சங்கிலி தேனியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் போனான். போனான் என்பதைவிடப் பறந்தான் என்பதுதான் சரி. முகத்தில் காற்றே படவில்லையாம், வண்டி அவ்வளவு லேசாகப் போனதாம். வழியிலிருந்து விஜிக்குப் போன் போட்டு, இதே வேகத்தில் போனால் தேவாரம் என்ன தேவாரம், குமுளிக்கே போய்விடலாம் என்றான். அவன் குரலைக் கேட்டு விஜி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடிய தப்பா அது? ஆனால் எல்லாரும் செய்கிற தப்புதான். மிதிக்கிற காலத்தில் காற்று எந்தப் பக்கம் என்று தொடைக்குத் தெரியும். மோட்டார் வந்ததும் தொடை மறந்துவிட்டது. கிழக்கே போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியதைச் சங்கிலி வண்டியின் வேகம் என்று நினைத்துவிட்டான். திரும்பி மேற்கே பார்த்ததும் அந்தக் கையே நெஞ்சில் வந்து நின்றது. விடுவானா அவன்? இன்னும் முறுக்கினான். முறுக்க முறுக்கப் பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பாதி வழியில், க.விலக்கு ஊர் வருவதற்கு முன்னாலேயே வண்டி மூச்சை விட்டது.

பொழுது சாய, பலவேசம் என்கிறவரின் சரக்கு ஆட்டோ தெருவுக்குள் வந்தது. வெங்காய மூட்டைகளுக்கு மேலே வண்டி. அதற்குப் பக்கத்தில், நீட்டிய காலோடு, மூட்டையோடு மூட்டையாகச் சங்கிலி. பலவேசம் நல்ல மனுஷர். நாலு பேரைக் கூப்பிட்டு, “மெதுவா எறக்குங்க” என்றார். தெருவே பார்த்தது. சங்கிலி யார் முகத்தையும் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். விஜி தட்டில் சோறு போட்டு வைத்தாள். விடிந்தபோதும் அது வைத்தபடியே இருந்தது.

முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். ஹக்கீம் காலையில் முகம் செத்துப்போய் வந்தான். “எம் மேலதான்க்கா தப்பு, வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்” என்று சீட்டைத் தூக்கிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். வெள்ளை வயர் திரும்ப மாட்டப்பட்டிருந்தது. மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது, ஜீப்புக்காரன் சுற்றுகிற சுற்று, ஒரு மடிப்பு இல்லாமல். ஹக்கீம் சீட்டை மெதுவாக மூடி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்று மத்தியானம் சங்கிலி தன் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு விஜியின் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“இந்தச் சட்டையில காத்துப் பூந்து பலூனாட்டம் உப்புது. ஒடம்ப ஒட்டிப் பிடிச்சுத் தச்சுக் குடு.”

இரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. அவள் அளவெடுக்க நாடாவைத் தேடினாள், கழுத்தில்தான் கிடந்தது. விலாவில் கைவைத்து அளந்தபோது அவன் இளைத்திருந்தது தெரிந்தது. இரண்டு பக்கமும் பிடித்து, கையையும் சுருக்கி, மனசார ஒரு தையல் போட்டாள். ஊசி முறியவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் விஜி வாசலில் நின்று பார்த்ததுதான். தினமும் காலையில் வண்டியை மேற்கே திருப்புவான், காற்றின் வாயை நோக்கி. முதல்நாள் முல்லையாற்றுப் பாலம் வரைக்கும். அப்புறம் வீரபாண்டி. அப்புறம் கோட்டூர். பேட்டரி பாதியானதும் திரும்பிவிடுவான், காற்று கொண்டுவந்து விட்டுவிடும். ஆக்ஸிலேட்டர் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிப் பருமனாக்கினான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, ஜீப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதிப்பானே, அதே மாதிரி அளவு பிடிபடத்தான் என்றான். மெல்லிசான பிடியை முறுக்கினால் கை தன்னையறியாமல் முழுசாகத் திருகிவிடும். பருமனான பிடியில் ஒரு நெல்லளவு முறுக்கினால் நெல்லளவுதான் போகும். காற்று விழுந்து அடிக்கும்போது முறுக்கக்கூடாதாம். அப்போது முறுக்குகிறதெல்லாம் காற்றுக்குத் தெண்டமாம். அது மூச்சு வாங்குகிற இடைவெளியில் கொஞ்சம் கொடுக்கவேண்டுமாம். தென்னை மட்டை திரும்புவதைப் பார்த்தால் அடுத்த வீச்சு வருவது முன்னாலேயே தெரியுமாம். சாலை நேராகத்தான் போகிறது, ஆனால் திராட்சைப் பந்தலும் கரும்பும் எந்தெந்த இடத்தில் மறைக்கிறதோ அந்தந்த ஓரம்தான் வழியாம்.

சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் சொல்வான். முன்பெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்து, எந்த வளைவில் எத்தனை வண்டியை முந்தினேன் என்று கணக்குச் சொன்ன அதே வாய். அப்போது அவள் பயந்துகொண்டே கேட்பாள். இப்போது சோறு ஆறுவது தெரியாமல் கேட்டாள். வேகமாகப் போகத் தெரிந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செலவழிக்காமல் இருக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். அதுவும் தன் வீட்டில்.

காது குத்து நாள் வந்தது. மாமன் சீர்த் தட்டுகளை ஏற்றிப்போகப் பொன்னுராஜே வேன் எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளுக்குள் மச்சானையும் ஏற்றிவிடலாம் என்று நினைப்பு. பார்த்தால் மச்சான் விடியும்போதே கிளம்பிப் போயிருந்தான்.

“அந்த வண்டியிலயா? மேல்காத்துலயா?” பொன்னுராஜ் தலையில் கைவைத்தான். “தங்கச்சி, இவுக போய்ச் சேர்றதுக்குள்ள எம் பிள்ள வயசுக்கு வந்திரும்.”

விஜி பழத்தட்டு பறக்காமல் துணியை இழுத்துக் கட்டினாள். “அப்பவும் மாமன் சீரு இருக்குல்லண்ணே. ரெண்டையும் சேத்தே செஞ்சிருவோம்.”

வாய்தான் அப்படிச் சொன்னது. வேன் வீரபாண்டியைத் தாண்டியது, சீலையம்பட்டியைத் தாண்டியது. அவள் கண் சாலையைவிட்டு நகரவில்லை. வழியில் எங்கேயாவது ஓரத்தில் வண்டி நிற்குமோ, பக்கத்தில் நீட்டிய காலோடு அவன் உட்கார்ந்திருப்பானோ என்று ஒவ்வொரு புளியமரத்தடியையும் பார்த்தாள். காற்று வேனையே ஒரு பக்கமாகத் தள்ளியது. சின்னமனூரைத் தாண்டியதும் வாழைத்தோப்பில் இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் சேலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். வைக்கோல் ஏற்றின வண்டியிலிருந்து வைக்கோல் பறந்தது.

பறக்காத ஒன்றே ஒன்று அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. அது அவள் தைத்த சட்டை.

கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஓரத்தில், முதுகைத் தாழ்த்தி, வலது காலைக் கம்பியில் நீட்டி, நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகமாக அவன் போய்க்கொண்டிருந்தான். சட்டையில் ஒரு மடிப்புக்கூட அசையவில்லை. வீச்சு வந்தபோது வண்டி இன்னும் மெதுவானது. நிற்கப் போகிறது என்றே அவள் நினைத்தாள். வீச்சு கடந்ததும் மணிக்கட்டு ஒரு நெல்லளவு அசைந்தது. வண்டி மறுபடி ஊர்ந்தது.

டிரைவர் வேகத்தைக் குறைத்தான். பொன்னுராஜ் கதவில் கைவைத்தான், கண் கலங்கிவிட்டது அவனுக்கு. “பாவம்மா. நிறுத்தி ஏத்திக்குவோம். ரெண்டு பேர் பிடிச்சாப் போதும்.”

“நிறுத்தாதீக.” விஜியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “ஆரன் அடிக்காதீக. பாக்காத மாதிரிப் போங்க.”

வேன் அவனைக் கடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று பெண்களுக்குச் சொல்லவேண்டாம்.

பொன்னுராஜின் குலசாமி கோயில் தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. மலையிலிருந்து காற்று நேரே இறங்கி அடிக்கிற இடம். கிடா வெட்டாகிவிட்டது, அடுப்புப் புகை தரையோடு தரையாக ஓடியது. காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஒருவர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் அதையே சத்தமாகச் சொன்னார். காமராஜ் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தனக்கு ஒன்றுமில்லை, நேரம் போகிறதே என்றுதான் பார்க்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பாண்டியம்மாள் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. விஜி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“வருவாகளா மதினி?”

“வந்துக்கிட்டிருக்காக. நான் பாத்தேன்.”

“எங்கன?”

“சின்னமனூருக்கு இங்கிட்டு.”

பாண்டியம்மாள் பிள்ளையை இடுப்பில் இன்னும் ஏற்றி வைத்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்து, எங்கண்ணன் வந்துதான் பிள்ளை உட்காரும், நேரம் போனால் போகட்டும் என்று சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஜீப்பாக இருந்திருந்தால் மூன்று வளைவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். இந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. எல்லாரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை மட்டும் வேறு பக்கம் கையை நீட்டியது. வேலமரங்களுக்கு மறைவாக வருகிற மாட்டுவண்டித் தடத்தில், காற்றுக்கு ஒளிந்து ஒளிந்து, சங்கிலி வந்துகொண்டிருந்தான். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் செம்மண். கண் மட்டும்தான் அவனுடையது.

வண்டியை ஒரு கல்லோரம் சாய்த்து, தானே காலைக் கம்பியிலிருந்து இறக்கி, தானே ஊன்றி நின்றான். தூக்கிவிட ஓடிவந்த இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

பொன்னுராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். மனசை மறைக்கத்தானே கேலி இருக்கிறது. “என்ன மச்சான், காதுகுத்துக்கு வந்தீகளா, கல்யாணத்துக்கு வந்தீகளா?”

“கல்யாணத்துக்கும் இதுலதான் வருவேன் மாப்ள. அதுக்கு இப்பவே கெளம்பணும்.”

கூட்டம் சிரித்தது. காமராஜ்தான் முதலில் விரிப்பைத் தட்டிப்போட்டு, “வாங்கண்ணே, இங்கன ஒக்காருங்க” என்றான். சங்கிலி இடது காலை மடக்கி, வலது காலை நேரே நீட்டி உட்கார்ந்தான். அப்படி ஒரு தாய்மாமன் மடியை அந்தக் கோயில் பார்த்திருக்காது. பிள்ளை அதைச் சுற்றிப் பார்த்தது. நீட்டிய காலைச் சறுக்குமரம் என்று நினைத்ததோ என்னவோ, அதன்மேல் ஏறி வழுக்கிக்கொண்டே வந்து மடியில் சேர்ந்தது. ஆசாரி அந்தச் சமயத்திலேயே ஒரு காதை முடித்துவிட்டார். இரண்டாவது காதுக்குத்தான் அழுகை வந்தது.

விஜி கூட்டத்தைவிட்டு நழுவி வண்டியிடம் போனாள். மீட்டர் கண்ணாடியில் மண் படிந்திருந்தது. விரலால் துடைத்தாள். பேட்டரிக் கோடு ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டியூப் சுற்றிய கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் அவன் கைச்சூடு இருந்தது.

கறிச்சோறு முடிகிற வரைக்கும் பேட்டரி கோயில் மோட்டார் ரூமில் சார்ஜ் ஏறியது. கிளம்பும்போது பொன்னுராஜ் வேன் கதவைத் திறந்து வைத்து, வா தங்கச்சி என்றான். சங்கிலி வண்டியைக் கிழக்கே திருப்பி நிறுத்தியிருந்தான்.

“ஏறு” என்றான் அவளைப் பார்த்து. “இனிமே காத்து நம்ம ஆளு.”

அவள் தட்டுகளை வேனில் வைத்துவிட்டு வந்து ஏறினாள். கல்யாணமான புதிதில் ஜீப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனதோடு சரி. வண்டி தடத்தைவிட்டுச் சாலையில் ஏறியது. கோயிலில் கொடிச்சீலையைக் கிழித்துக்கொண்டிருந்த காற்று எங்கே போனது என்றே தெரியவில்லை. சேலைத் தலைப்பு மடியில் அப்படியே கிடந்தது. வயல்களும் பந்தல்களும் சத்தமில்லாமல் பின்னால் போயின.

“கொஞ்சம் முறுக்குனாத்தான் என்ன மாமா?” என்றாள்.

அவன் வலது கையை லேசாகத் தூக்கிக் காட்டினான். விரல்கள் பிடியைத் தொடவே இல்லை.